ரயில்வே வீட்டுப் பழைய படங்களைப் பேப்பர் லோரியில் போட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர், தலை நரைத்த பிறகும் சிலர் பொம்மை ரயிலில் காசைக் கரைக்கிறார்கள், அந்தப் பணத்தில் நாலு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை வாங்கிக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தார். பையும் வாங்கிக் கொடுக்கலாம், ரயிலும் செய்யலாம். ஒன்று இன்னொன்றுக்குக் குறுக்கே நிற்கவில்லை. அவரோடு மல்லுக்கு நிற்க நான் எழுதவில்லை. ஆனால் அவர் கடிதத்தைப் படித்ததும், வெகு நாளாகத் தள்ளிப்போட்டுவந்த ஒரு வேண்டுகோளை உங்கள் பத்திரிகை வழியாகவே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

நான் கோலாலம்பூர் செந்தூலில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அங்கே ரயில்வே பட்டறையில் பாய்லர் மேக்கர். எனக்கு ரயில்வேயில் வேலை கேட்க அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். பல் செட் செய்யும் லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்து அந்த வேலையிலேயே ஓய்வு பெற்றேன். மெழுகில் பல் செதுக்கி, உலோகத்தில் வார்த்து, கடிக்கும்போது இடிக்காத அளவுக்குத் தேய்த்துப் பழகிய கை சும்மா இருக்காது. அதே சின்ன டிரில், அதே பூதக்கண்ணாடி விளக்கு. இப்போது அவை ரயில் இஞ்சின் செய்கின்றன. இதைக் கேட்டதும் "பொம்பளைக்கு எதுக்கு இஞ்சின்?" என்று சிரித்த உறவினர்கள் உண்டு. அவர்களுடைய பல் செட்டை நான் செய்தபோது யாரும் சிரிக்கவில்லை.

கடையில் பெட்டியோடு வாங்கி ஓட்டுவது வேறு, நம் ஊரில் ஓடிய இஞ்சினைச் செய்வது வேறு. முதல் தகராறே அளவில்தான் வரும். உலகத்தில் அதிகம் விற்கும் எச்ஓ மாடல் 1:87 அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அதன் தண்டவாள அகலம் 16.5 மி.மீ. அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1,435 மி.மீ. பாதைக்குப் போட்ட கணக்கு. நம் பாதையோ 1,000 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 11.5 வருகிறது. அதற்கென்று 12 மி.மீ. பாதையும் இருக்கத்தான் செய்கிறது. சுவிட்சர்லாந்து மலை ரயில்களைச் செய்பவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். விலையைக் கேட்டுவிட்டு நான் போனை வைத்துவிட்டேன்.

அதனால் நான் எடுத்துக்கொண்டது 1:120. இந்த அளவில் மீட்டர் பாதை 8.3 மி.மீ. ஆகிறது. 'N' அளவு என்று விற்கும் ஜப்பானிய மாடல் ரயில்கள் ஓடுவது 9 மி.மீ. பாதையில். வித்தியாசம் முக்கால் மி.மீ. கூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது. ஜப்பானிலேயே சிலர் அவர்களுடைய 1,067 மி.மீ. பாதையை இப்படித்தான் 1:120-ல் செய்கிறார்கள். ஆக, காட்டோ, டோமிக்ஸ் என்று ஜப்பான்காரர்கள் செய்த பழைய இஞ்சின் ஒன்றை வாங்கி, மேலே இருக்கும் கூட்டைக் கழற்றிவிட்டு, மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிப்பாகத்தை வைத்துக்கொண்டு, அதன்மேல் நம் இஞ்சினைக் கட்டுவது என் வழி. அப்படிச் செய்தால் செலவு சில நூறு வெள்ளிக்குள் அடங்கும். புகைபிடிப்பவர்கள் ஒரு மாதத்தில் ஊதித் தள்ளும் காசு அது, வாசகர் அன்பர் கவனிக்கவும்.

என் மேசையில் இப்போது இரண்டு இஞ்சின்கள் இருக்கின்றன. ஒன்று 56 வகை நீராவி இஞ்சின். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து நார்த் பிரிட்டிஷ் கம்பெனி 1938 முதல் மலாயாவுக்குச் செய்து அனுப்பியது. இஞ்சின்களுக்கு நம் ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள். பலருக்கும் தெரிந்தது 564.36 எண் இஞ்சின், பெயர் தெமர்லோ. மூன்று சிலிண்டர், அதில் ஒன்று நடுவில் மறைந்திருக்கும். நீராவியைத் திறந்து மூடும் வால்வுகளும் பாப்பெட் வகை, கார் இஞ்சினில் இருப்பதுபோல் மூடி தூக்கித் திறப்பவை. மற்ற நீராவி இஞ்சின்களில் சக்கரத்துக்கு வெளியே ஏகப்பட்ட கம்பிகள் முன்னும் பின்னும் ஆடுமே, அந்தக் கூட்டம் இதில் குறைவு. செய்கிறவளுக்கு இது பெரிய நிம்மதி. ஓட்டும் சக்கரம் 1,372 மி.மீ., என் மேசையில் 11.4 மி.மீ.

இரண்டாவது 20 வகை டீசல். சுதந்திரம் கிடைத்த அதே 1957-ல் இங்கிலாந்தின் வல்கன் ஃபவுண்ட்ரியிலிருந்து வரத் தொடங்கியது. இங்கிலீஷ் எலெக்ட்ரிக் இஞ்சின், மொத்தம் 26. அப்பாவுக்கு இது பிடிக்காது. "பாய்லர் இல்லாத இஞ்சின் என்ன இஞ்சின்" என்பார். நான் செய்வதைப் பார்த்திருந்தால் திட்டியிருப்பார்.

உடம்பைச் செய்வது இந்த நாளில் கஷ்டமில்லை. என் தங்கை மகன் கணினியில் வரைந்து ரெசினில் முப்பரிமாணமாக அச்சடித்துக் கொடுக்கிறான். சாய்த்து வைத்து அச்சடித்தால்தான் கோடு விழாது என்று அவனுக்கு இப்போது நான் பாடம் எடுக்கிறேன். அதற்குப் பிறகு வரும் வேலைதான் என் வேலை. அச்சில் வந்த கைப்பிடிக் கம்பிகள் கொழுக்கட்டை மாதிரி இருக்கும். அவற்றைச் சீவி எடுத்துவிட்டு, 0.3 மி.மீ. டிரில்லால் கையாலேயே துளை போட்டு, 0.2 மி.மீ. பித்தளைக் கம்பியை வளைத்துச் செருகுவேன். ஏன் 0.2 என்றால், நிஜத்தில் ஓர் அங்குலக் கம்பி 1:120-ல் அவ்வளவுதான். இந்த அளவில் ஐந்தரை அடி டிரைவர் 14 மி.மீ. உயரம் நிற்பார்; அவர் கையில் பிடிக்கும் கம்பி கொடிமரம் மாதிரி இருந்தால் மொத்த இஞ்சினும் கெட்டுப்போகும்.

ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் சூப்பர் குளூ ஆகாது. அதன் ஆவி பட்டு கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். பள்ளிக்கூட வெள்ளைப் பசை போதும். பெயிண்ட் விஷயத்தில் நம் ஊர் மழை ஒரு தனி வில்லன். மாலை மழைக்கு முன்னால் காற்றில் ஈரம் ஏறியிருக்கும்போது லாக்கர் பெயிண்ட் அடித்தால் மேலே பாலாடை படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். காலை பத்து மணிக்கு மேல், வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் ஏர் பிரஷைத் தொடுவேன். வெள்ளை எழுத்துதான் இன்னொரு தலைவலி. சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. எண்ணையும் பெயரையும் வெள்ளை மை உள்ள கடையில் கொடுத்துத்தான், தண்ணீரில் நனைத்து ஒட்டும் தாளில் அடித்து வாங்க வேண்டும்.

சரி, இதெல்லாம் காசு கொடுத்தோ பொறுமையாக இருந்தோ தீர்த்துக்கொள்ளலாம். இவை இரண்டாலும் தீராத ஒன்று இருக்கிறது. தொழிற்சாலை வரைபடம் என்பது கப்பலில் ஏற்றிய நாளில் இஞ்சின் எப்படி இருந்தது என்பதைத்தான் காட்டும். இங்கே வந்து பத்து இருபது வருடம் ஓடி, செந்தூல் பட்டறைக்குள் பல தடவை போய் வந்த இஞ்சின் வேறு இஞ்சின். சிலாங்கூரில் பத்து ஆராங் என்ற ஊர்ச் சுரங்கத்து நிலக்கரியை எரித்தவை போருக்குப் பிறகு எண்ணெய்க்கு மாறின. அப்படி மாறியபோது, இஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்துவரும் டெண்டர் பெட்டியில் கரி இருந்த இடத்துக்கு எண்ணெய்த் தொட்டி வந்தது. அதன் மூடி எங்கே, ஏணி எந்தப் பக்கம், பின்னால் விளக்குக் கொக்கி இரண்டா மூன்றா? புத்தகங்களில் இஞ்சினின் முகம் இருக்கும், பக்கவாட்டு அழகு இருக்கும். டெண்டரின் முதுகை எந்த ஆங்கிலேயரும் மெனக்கெட்டுப் படம் எடுக்கவில்லை.

அந்த முதுகு நம் வீட்டு ஆல்பங்களில் இருக்கிறது. செந்தூலில் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் பார்த்தேன். ஓய்வு பெறும் நாளில் டிரைவருக்குச் சாமந்தி மாலை போட்டு, சகாக்கள் சுற்றி நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். எடுத்தவர் வெளிச்சம் பார்த்து நிற்க வைத்ததில், பின்னணியில் விழுந்தது டெண்டரின் பின்பக்கம். மாலைக்கும் பக்கத்தில் நின்றவர் தோளுக்கும் இடையில் ஏணி தெளிவாகத் தெரிகிறது. ஏணி வலது பக்கம். எனக்கு அன்று இராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்தான்.

யோசித்துப் பாருங்கள். மலாயா ரயில்வேயில் டிரைவர், ஃபயர்மேன், ஃபிட்டர், பாய்லர் மேக்கர், தண்டவாளக் கூலி என்று எத்தனை தமிழர்கள். ஸ்டேஷன் மாஸ்டர்களிலும் கிளார்க்குகளிலும் எத்தனை யாழ்ப்பாணத்தார். 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்ட முதல் பாதைக்கே இலங்கையிலிருந்து பயனியர் படை என்ற தொழிலாளர் படையைக் கொண்டுவந்துதான் வேலை வாங்கினார்கள். இவர்கள் எல்லாரும் இஞ்சினுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள். கல்யாணம் ஆன புதிதில், மகன் பிறந்ததும், ஊருக்குப் போகும்போது, ஓய்வு பெற்றபோது. படம் எடுத்தவர் மனிதர்களைத்தான் பார்த்தார். இஞ்சின் தானாக வந்து பின்னால் நின்றுகொண்டது.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்கள் குடியிருந்த நூறு குவார்ட்டர்ஸ் வீடுகள் இப்போது இல்லை. செந்தூல் மேற்கில் பழைய பட்டறைக் கட்டடம் ஒன்றில் நாடகம் போடுகிறார்கள். பழுது பார்க்கும் வேலை பேராக்கில் உள்ள பத்து காஜா ஊருக்குப் போய்விட்டது. வீட்டைக் காலி செய்யும்போதும், பெரியவர் காலமாகிப் பிள்ளைகள் அலமாரியை ஒழிக்கும்போதும், ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வரும் பழைய பேப்பர் லோரியில்தான் ஆல்பங்கள் போகின்றன. கிலோ கணக்கில் எடை போடுகிறார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. தாமான் வீட்டில் இடம் ஏது? கேட்பது இவ்வளவுதான்: போடுவதற்கு முன் ஒரு தடவை கைப்பேசியில் படம் பிடித்துவிடுங்கள்.

பிடிக்கும்போது சில விஷயங்கள். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்த்து எடுக்க வேண்டாம், கிழிந்துவிடும். அப்படியே ஜன்னல் ஓரம் வைத்து, ஃபிளாஷ் போடாமல் எடுங்கள். ஓரத்தை வெட்டாதீர்கள், எனக்கு வேண்டியது அந்த ஓரத்தில்தான் இருக்கும். படம் தனியாக இருந்தால் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பேனாவில் எழுதிய தேதியும் அங்கேதான். அப்புறம், தயவு செய்து, பழைய படத்தைப் "பளிச்சென்று ஆக்கும்" ஆப் எதிலும் போடாதீர்கள். தாத்தா முகம் அழகாக வரலாம். ஆனால் அந்த ஆப் இஞ்சினில் இல்லாத ரிவெட்டைத் தானாக வைக்கிறது, மங்கிய எண்ணை வேறு எண்ணாக எழுதிவிடுகிறது. அப்படி வந்த படம் எனக்குப் படமே இல்லாததைவிட மோசம்.

படம் இல்லாதவர்கள் பேச்சையாவது கொடுங்கள். எங்கள் தெருவில் முன்பு ஃபயர்மேனாக இருந்த ஒரு பெரியவர் சொன்னார். எண்ணெய் எரிக்கும் இஞ்சினில் குழாய்களுக்குள் கரி படிந்துவிடும். வண்டி ஏற்றத்தில் முக்கி இழுக்கும் நேரம் பார்த்து, ஃபயர் பாக்ஸுக்குள் ஒரு கரண்டி மணலைப் போடுவார்களாம். காற்று அந்த மணலை இழுத்துக்கொண்டு குழாய்களைச் சுரண்டிப் புகைபோக்கி வழியாக வெளியே தள்ளும். வானமே கறுக்கும் என்றார். "துணி காயப்போட்ட பொம்பளைங்க திட்டுவாங்கம்மா." எந்த வரைபடத்திலும் மணல் வாளி இல்லை. என் 56-ல் இப்போது இருக்கிறது, டிரைவர் கூண்டுக்குள், 3 மி.மீ. உயரம். பாய்லர் மேலே புகைபோக்கிக்குப் பின்னால் கரிப்பூச்சையும் தைரியமாகக் கூட்டியிருக்கிறேன். அதுவரை பளபளவென்று கல்யாண மாப்பிள்ளையாக நின்ற இஞ்சின் அன்றுதான் வேலைக்குப் போனது.

ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் அலுவலகத்திலும் பழைய நெகட்டிவ்கள் இருக்கும். அமைச்சர் கொடி அசைத்த படங்களை நான் கேட்கவில்லை, அவற்றில் அமைச்சர்தான் இருப்பார். ஞாயிறு பதிப்பில் கால் பக்கம் ஒதுக்கி, வாரம் ஒரு ரயில்வே குடும்பப் படம் போடலாமே. படத்தில் இருப்பவர் யார், எந்த ஸ்டேஷன் என்று வாசகர்கள் எழுதுவார்கள். எந்த இஞ்சின், எந்த வருடத்து மாற்றம் என்று சொல்ல என்னைப் போல் சிலர் இருக்கிறோம். பொம்மை ரயிலைக் கண்டித்து எழுதிய அன்பர் வீட்டிலும் ஓர் ஆல்பம் இருக்கலாம். இருந்தால் முதல் வாரம் அவருடையதைப் போடுங்கள்.

உங்கள் அலுவலக முகவரிக்கு "ரயில் படம்" என்று உறையின்மேல் எழுதி அனுப்பினால் நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். அசல் படத்தை அனுப்ப வேண்டியதில்லை. கூப்பிட்டால் கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத்தில் வீட்டுக்கே வந்து, ஆல்பத்தைத் தொடாமல் படம் பிடித்துக்கொண்டு போவேன். கறுப்பு வெள்ளையோ மங்கலோ பரவாயில்லை. இப்போது மேசையில் நிற்கும் வேலைக்கு மிகவும் அவசரமாக வேண்டியது 20 வகை டீசலின் கூரை: விசிறி எத்தனை, புகை வாய் எங்கே என்று தெரிய வேண்டும். ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்று, கீழே வண்டி ஏறும் சொந்தக்காரருக்குக் கையசைத்தபடி யாராவது எடுத்திருந்தால் அந்தப் படம் போதும்.

இப்படிக்கு,
செந்தூல் வாசகி,
கோலாலம்பூர்