ரயில் இல்லாத ஸ்டேஷனுக்கு ஒரு பயணம்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியரை ஜனவரி மாதக் கடைசிச் சனிக்கிழமை மூணாறு வழியாக டாப் ஸ்டேஷனுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்கிறோம். சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டு உங்களில் சிலர் பள்ளிக்கு வந்து விசாரித்தீர்கள். "எத்தனையோ இடம் இருக்க, ஒன்றுமே மிச்சமில்லாத ரயில் பாதையைப் பார்க்கவா போக வேண்டும்?" என்பதுதான் கேள்வி. நியாயமான கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

போடியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்பவை பழகிய பெயர்கள். மலைமேல், ரயிலே போகாத இடத்துக்கு 'ஸ்டேஷன்' என்று எப்படிப் பெயர் வந்தது என்று வகுப்பில் கேட்டபோது ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. நம் ஊருக்கு மேலேயே நடந்த வரலாறு நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தப் பயணத்துக்கு அதுதான் காரணம்.

1902இல் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே, கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களின் தேயிலையைக் கொண்டுவர ஒரு ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டது. வண்டிப் பாதையின் ஓரமாக ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் அடியில் இருந்த சிறு சக்கரங்கள் அந்தத் தண்டவாளத்தின் மேல் உருண்டன. சாய்ந்துவிடாமல் இருக்க, பக்கவாட்டில் நீட்டிய பெரிய சக்கரம் ஒன்று சாலை மண்ணில் ஓடியது. எடையில் பெரும்பகுதியை இரும்பு தாங்கிக்கொண்டதால் இழுப்பது எளிதாயிற்று. இழுத்தவை காளைகள். ஈவிங் முறை எனப்படும் இதே அமைப்பில் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடிய நீராவி வண்டியை டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். எங்கள் அறிவியல் ஆசிரியர் மரச்சட்டத்திலும் பழைய பொம்மைச் சக்கரங்களிலும் இதற்கு ஒரு மாதிரி செய்துவருகிறார். பக்கச் சக்கரத்தைக் கழற்றினால் வண்டி எந்தப் பக்கம் கவிழும், சுமையை எங்கே வைத்தால் கவிழாது என்று பிள்ளைகளே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மலை ஏறப்போகிறார்கள்.

1908இல் அந்த ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, இரண்டடி அகலத்தில் குறுகிய ரயில் பாதை அமைத்தார்கள். அதுதான் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். மூணாற்றில் ஏற்றிய தேயிலைப் பெட்டிகள் மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வந்து சேரும். அங்கிருந்து மலை செங்குத்தாக இறங்குகிறது. ரயிலுக்கு அதில் வழியில்லை. எனவே பெட்டிகளைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டு, சுமார் 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறக்கினார்கள். இந்த ரோப்வேயின் மேல் முனை டாப் ஸ்டேஷன். கீழ் முனையான கொட்டகுடிக்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்றே பெயர். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி வரை 15 கிலோமீட்டர். இங்கிருந்துதான் தேயிலை வெளியூர்களுக்கும், கப்பலேறி இங்கிலாந்துக்கும் போயிற்று.

அந்தத் தேயிலை போடியிலேயே ரயில் ஏறியதாகப் பலர் சொல்கிறார்கள், எழுதியும் இருக்கிறார்கள். ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போடிக்கு ரயில் வந்தது 1928இல். குண்டளை ரயில் அழிந்தது 1924இல். மலை ரயில் ஓடிய காலத்தில் போடியில் ரயிலே இல்லை. நம் ஊர் ரயிலை அந்த மலை ரயில் கண்ணால் கூடப் பார்க்கவில்லை! இப்படி ஒரு ஆண்டை இன்னொரு ஆண்டோடு மோதவிட்டு உண்மையைப் பிரித்தெடுப்பதைப் பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்து கற்க முடியாது.

1924 ஜூலை மாதம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த பெருமழையில் மூணாறே குலைந்தது. மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டில் அது 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் அதைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்றே சொல்கிறார்கள். மலை சரிந்தது, பாலங்கள் போயின, தண்டவாளம் ஓடைக்குள் கிடந்தது. பதினாறு ஆண்டுகள் ஓடிய ரயிலைத் திரும்பக் கட்டவே இல்லை.

அப்படியானால் பார்க்க என்ன இருக்கிறது? மூணாற்றில் பழைய ரயில் நிலையக் கட்டடம் இன்று தேயிலை நிறுவனத்தின் அலுவலகமாக இருக்கிறது. அதை வெளியிலிருந்து பார்ப்போம். டாப் ஸ்டேஷனில் ரோப்வே நிலையத்தின் எச்சங்கள் உண்டு. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இவற்றுக்கு இடைப்பட்ட சாலைதான். இன்றைய மூணாறு–டாப் ஸ்டேஷன் சாலை பெரிதும் அந்த ரயில் தடத்தை ஒட்டியே போகிறது. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் செல்லும் பிள்ளைகள், அன்று மதியமே ரயிலுக்காக வெட்டிய தடத்தின் மீதும் போவார்கள். பஸ்ஸால் சட்டென்று திரும்பிச் செங்குத்தாக ஏற முடியும்; ரயிலால் முடியாது. அதற்கு அகன்ற வளைவு வேண்டும், மெல்ல ஏறும் சரிவு வேண்டும். எந்தத் திருப்பத்தில் ரயில் திரும்பியிருக்க முடியும், எங்கே முடியாது என்று ஜன்னலோரம் உட்கார்ந்து குறித்து வரச் சொல்லியிருக்கிறோம். தண்டவாளம் போய்விட்டாலும் மலையை வெட்டிய வெட்டு அப்படியே இருக்கிறது.

வெட்டியவர்கள் யார் என்பதையும் பேசுவோம். 1877இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த ஜான் டேனியல் மன்றோவின் பெயர் எல்லா நூல்களிலும் இருக்கிறது. காடு திருத்தவும் தேயிலை பறிக்கவும் தென் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன குடும்பங்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. அவர்களில் பலர் நம் ஊர் வழியாக நடந்தே மலை ஏறியவர்கள். அவர்கள் சாப்பிட்ட அரிசியும் நம் பக்கத்திலிருந்துதான் மேலே போனது.

பாதுகாப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் நடைபாதையில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல மாட்டோம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றம் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. போவதும் வருவதும் பஸ்ஸில்தான்: பூப்பாறை, தேவிகுளம், மூணாறு என்று சுற்றிக்கொண்டு. போடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் மலைக்கு இத்தனை தூரம் சுற்றுகிறோமே என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்வார்கள். அலுத்துக்கொள்ளட்டும், ரோப்வே எதற்காகக் கட்டப்பட்டது என்று அப்போது விளக்கம் தேவைப்படாது.

காலை ஐந்தரை மணிக்குப் பள்ளி வாசலில் இருக்க வேண்டும். ஸ்வெட்டர் கட்டாயம். வளைவுகளில் வாந்தி வரும் பிள்ளைகள் என்றால் வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மதியச் சாப்பாடு கட்டிக் கொடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். ஆஸ்துமா போன்ற தொந்தரவு இருந்தால் மருந்தோடு அனுப்புங்கள்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது மலைத் தோட்டத்தில் வேலை பார்த்திருந்தால், அல்லது கொட்டகுடிப் பக்கம் சுமை ஏற்றி இறக்கிய கதையை அவர்கள் பெற்றோர் சொல்லக் கேட்டிருந்தால், பயணத்துக்கு முன் ஒரு மாலை பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். கேட்டதை நோட்டில் எழுதிவர வேண்டும் என்பது அவர்களுக்கு வீட்டுப்பாடம். பழைய புகைப்படம், சம்பளச் சீட்டு, தோட்டத்துப் பித்தளை வில்லை எதுவானாலும் காட்டுங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம்.

இணைத்திருக்கும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். பஸ் கட்டணம் சிரமமாக இருப்பவர்கள் தயங்காமல் என்னை நேரில் பாருங்கள். பணத்துக்காக எந்தப் பிள்ளையும் பின்தங்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்