கல் வருமா என்று கேட்டாயே

ஆலங்காயம்
12.11.2025

அன்புள்ள கலியா,

உன் கடிதம் தீபாவளி முடிந்து நாலாம் நாள் கைக்கு வந்தது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். கண் ஆபரேஷன் குறுக்கே வந்துவிட்டது. வலது கண்ணில் புரை முற்றிவிட்டதாம், இனிமேல் தள்ளிப்போட முடியாது என்றார்கள். எழுதாதே, குனியாதே, தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே என்று இரண்டு வாரம் உன் தங்கச்சி என்னைக் காவல் காத்தாள். இடது கண் பாக்கி இருக்கிறது.

போன சனிக்கிழமை மழை விட்டிருந்தது. நிலா எழும்புவதற்கு முன்னால் மொட்டைமாடிக்குப் போய்க் கிழக்கே பார்த்தேன். கார்த்திகைக் கூட்டம் ஆறும் தனித்தனியாக நின்றன! நாலைந்து வருடமாக எனக்கு அது யாரோ விரலால் துடைத்துவிட்ட சுண்ணாம்புக் கறை மாதிரிதான் தெரிந்துகொண்டிருந்தது. வயசாகிவிட்டதால் வானமே மங்கிவிட்டது என்று நினைத்திருந்தேன் என்றால் நீ சிரிப்பாய். பிள்ளைகளுக்கு முப்பது வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்த ஆள்!

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பேரனோடு ஒரு படம் பார்த்ததாகவும், அதில் சாகக் கிடக்கும் பூமியைக் காப்பாற்ற ஒரு கப்பலில் ஆட்கள் கிளம்பிப் போவதாகவும், திரும்பி வரும்போது பாதிப்பேர் இல்லை என்றும் எழுதியிருந்தாய். நிலவன் அன்றிரவு தூங்காமல், "நெஜமா வானத்துலேர்ந்து ஒரு கல்லு வந்தா யார் தாத்தா போவாங்க?" என்று கேட்டானாம். உனக்குப் பதில் தெரியவில்லை, நீதான் வானத்து ஆள், நீ சொல் என்று என் தலையில் கட்டிவிட்டாய்.

முதலில், நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்த வால்நட்சத்திரச் செய்தியைத் தூக்கிப் போடு. வேற்றுக்கிரகக் கப்பலும் இல்லை, ஒன்றும் இல்லை. வேறொரு சூரியனிடமிருந்து பிரிந்து நம் பக்கம் வழிப்போக்கனாக வந்த வால்நட்சத்திரம். டிசம்பரில் நமக்கு மிக அருகே வரும்போதே 27 கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் போகப்போகிறது. சூரியனைவிடத் தூரம். அதற்கு இத்தனை ஆச்சரியக்குறி எதற்கு?

இப்போது நிலவனுக்கான பதில். யாரும் போகவில்லை, ஒரு இயந்திரம் போனது. அதுவும் திரும்பி வரவில்லை. நடந்த கதை இது, நானே பார்த்தேன். 2022 செப்டம்பர் 27 விடியற்காலை. உன் தங்கச்சியை எழுப்பாமல் செல்போனைத் தலையணை மேல் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தேன். டார்ட் என்று பெயர், அமெரிக்காவின் நாசா அனுப்பியது. எரிபொருள் போக மீதி சுமார் 580 கிலோ. அது மோதப்போன கல்லுக்கு டைமார்ஃபஸ் என்று பெயர். ஏறக்குறைய 160 மீட்டர் குறுக்களவு, எடை 430 கோடி கிலோ. இரண்டு மூட்டை நெல்லுக்கு முன்னால் ஒரு நெல்மணி என்று வைத்துக்கொள். நெல்மணி போய் மூட்டையில் இடித்து மூட்டையை நகர்த்த வேண்டும்.

நெல்மணிக்கு இருந்த ஒரே பலம் வேகம். விநாடிக்கு 6.1 கிலோமீட்டர். இங்கிருந்து வாணியம்பாடிக்கு மூன்றே விநாடியில் போய்விடலாம், நம் டவுன் பஸ் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

டைமார்ஃபஸ் பூமிக்கு எதிரி இல்லை, பாவம். அது பாட்டுக்கு டிடிமஸ் என்கிற பெரிய கல்லைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சுற்றுக்கு 11 மணி 55 நிமிடம். அதை இடித்தால் சுற்றும் நேரம் மாறும், மாறியதைப் பூமியிலிருந்தே தொலைநோக்கியில் அளந்துவிடலாம். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். நாளைக்கு நிஜமாகவே ஒரு கல் நம்மை நோக்கி வந்தால் இந்த வித்தை பலிக்குமா என்று பார்க்கும் ஒத்திகை.

இடம் 1 கோடியே 10 லட்சம் கிலோமீட்டர் தூரம். அங்கிருந்து ஒளி வரவே 37 விநாடி ஆகும். அதனால் இங்கே உட்கார்ந்து கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று ஓட்ட முடியாது. கடைசி நாலு மணி நேரம் அதுவே வழி பார்த்து அதுவே ஓட்டிக்கொண்டது. அது போய் மோத வேண்டிய கல்லோ அதன் கண்ணுக்கு மோதலுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்புதான் தனிப் புள்ளியாகத் தெரிய ஆரம்பித்தது. விநாடிக்கு ஒரு படம் வந்துகொண்டிருந்தது. புள்ளி, அப்புறம் முட்டை, அப்புறம் கற்குவியல். நம் ஊர்க் குவாரியில் லாரி கொட்டிவிட்டுப் போன ஜல்லி மாதிரியே இருந்தது. ஒவ்வொரு கல்லும் நிழலோடு தெரிந்தது. கடைசிப் படம் மேலே கொஞ்சம் வந்து, அதோடு நின்றது. நம் நேரப்படி 4 மணி 44 நிமிடம். அங்கே எல்லோரும் கைதட்டிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எனக்கு என்னவோ அந்தப் பாதிப் படத்தைப் பார்க்கத் தொண்டை அடைத்தது. இயந்திரத்துக்காக எவனாவது அழுவானா என்று நீ கேட்பாய். அழவில்லை. பால்காரர் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

சுற்றும் நேரம் 73 விநாடி மாறினாலே வெற்றி என்று வைத்திருந்தார்கள். மாறியது 33 நிமிடம். காரணம் அழகு. இடித்த வேகத்தில் கல்லும் தூசியும் பத்து லட்சம் கிலோவுக்கு மேல் பின்னால் பீய்ச்சி அடித்தது. ராக்கெட் புகை தள்ளுகிற மாதிரி அந்தச் சிதறலே கல்லை முன்னால் தள்ளிவிட்டது. பாறை கெட்டியாக இல்லாமல் ஜல்லிக் குவியலாக இருந்ததில் இந்த லாபம். அங்கே எவ்வளவு பள்ளம் விழுந்தது, கல்லின் உருவமே மாறிவிட்டதா என்று பார்க்க ஐரோப்பியர்கள் ஹீரா என்று ஒன்றை 2024 அக்டோபரில் அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த வருடக் கடைசியில் போய்ச் சேரும்.

ஆனால் கலியா, இவ்வளவும் செய்து அந்தக் கல்லின் வேகத்தில் ஏற்பட்ட மாற்றம் எவ்வளவு தெரியுமா? விநாடிக்கு 2.7 மில்லிமீட்டர். எறும்புகூட இதைவிட வேகமாக ஊரும். கணக்குப் போட்டுப் பார்த்தேன் (பழைய பழக்கம், விடவில்லை). ஒரு நாளைக்கு 233 மீட்டர். பத்து வருடத்துக்கு ஏறக்குறைய 850 கிலோமீட்டர். பூமியின் ஆரமோ 6,400 கிலோமீட்டர். நிஜக் கணக்கு இவ்வளவு நேர்கோடு இல்லை, இருந்தாலும் சங்கதி உனக்குப் புரியும். இன்னும் ஒரு மாதத்தில் கல் விழப்போகிறது என்று தெரிந்த பிறகு எத்தனை வீரர்களை ஏற்றி அனுப்பினாலும் பிரயோஜனம் இல்லை. பல பத்து வருடம் முன்னாலேயே கல்லைக் கண்டுபிடித்திருந்தால் ஒரு நெல்மணி போதும். படத்தில் இதைக் காட்ட மாட்டார்கள். ஒருவர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து இரண்டு போட்டோக்களை ஒப்பிட்டுப் பார்ப்பதை யார் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள்?

அப்படி உட்கார்ந்து பார்த்தவர்கள் நம் மலை மேலேயே இருந்தார்கள். 1988 உனக்கு நினைவிருக்கிறதா? நீ பொங்கல் லீவில் வந்திருந்தாய், காவலூர் வானாய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன், குளிரில் பல் தந்தியடிக்க என் சால்வையையும் பிடுங்கிக்கொண்டாய். அந்த வருடம்தான் அங்கே ராஜமோகன் குழுவினர் சிறுகோள் ஒன்றைக் கண்டுபிடித்து ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். ஒரே இடத்தை நேரம் விட்டு இரண்டு தடவை படம் எடுப்பார்கள். நட்சத்திரம் அசையாது, சிறுகோள் இடம் மாறியிருக்கும். முறை அவ்வளவுதான், பொறுமைதான் கஷ்டம். அந்தத் தேடலுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? கல்கி. யுகம் முடியும்போது வருகிறவர் பெயரையே வைத்த குறும்பை நான் இன்றும் ரசிக்கிறேன். அதற்கும் முன்னால், 1861-ல், மதராஸ் வானாய்வுக்கூடத்தில் போக்சன் என்கிற வெள்ளைக்காரர் ஒரு சிறுகோளைப் பிடித்து ஆசியா என்று பெயர் வைத்தார். நுங்கம்பாக்கத்திலிருந்து! இன்று அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் விளம்பரப் பலகைதான் தெரியும்.

இந்த பிப்ரவரியில் நீ பதறிப்போய் போன் செய்தாயே, 2032-ல் ஒன்று விழப்போகிறது என்று. அதுவும் இப்படி ஒரு தேடலில் சிக்கியதுதான், சிலியில் உள்ள தொலைநோக்கியில். வாய்ப்பு ஏறி ஏறி 3.1 சதவீதம் வரை போய், ஒரே வாரத்தில் ஒன்றுமில்லாமல் போனது. ஏமாற்றுகிறார்கள் என்றாய். இல்லையப்பா. காணாமல் போன ஆட்டைத் தேடுகிறோம். முதலில் ஊர் முழுக்கத் தேடும்போது உன் கொல்லையில் இருக்க வாய்ப்பு குறைவு. தேடுகிற இடம் நாலு கொல்லையாகச் சுருங்கியதும் உன் கொல்லைக்கு வாய்ப்பு கூடும். கடைசியில் ஆடு பக்கத்துத் தெருவில் கத்தும். அவ்வளவுதான்.

அப்புறம் ஒன்று. எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். 2004 டிசம்பரில் அபோஃபிஸ் என்கிற கல்லுக்கும் இப்படிக் கணக்கு ஏறியது, 2029-ல் பூமியில் மோத 2.7 சதவீதம் என்று. உச்சத்துக்குப் போன நாள் டிசம்பர் 27. அன்றைக்கே பழைய படங்களில் அதைத் தேடிக் கண்டுபிடித்து, மோதாது என்று உறுதியானது. எனக்கு இது பல மாதம் கழித்துத்தான் தெரியும். 27-ஆம் தேதி நான் உன்னைத் தேடிக்கொண்டு நாகை பஸ்ஸில் இருந்தேன்.

25 வருடம் கழித்து வரக்கூடிய கல்லுக்கு ஆள் போட்டு ராத்திரி பகலாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள், நம் நேரப்படி காலை 6.29-க்கு, சுமத்ராவில் நிலம் ஆடியது. சுனாமி அலை உங்கள் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. சொல்ல ஆள் இல்லை. 2007-ல்தான் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது. கப்பல் வேண்டாம், வீரர் வேண்டாம், அன்றைக்கு ஒரு போன் வந்திருந்தால் போதும். ஜனவரியில் பள்ளி திறந்து நீ பெயர் கூப்பிட்டு, நடுவில் நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றதாகச் சொன்னாய். அந்த வருகைப் பதிவேடு இன்னும் உன் பீரோவில்தான் இருக்கிறதா? கேட்கத் தோன்றியது. பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. இந்த வருடம் புளி நன்றாகக் காய்த்திருக்கிறது, தையில் உலுக்கியதும் உனக்குப் பத்துக் கிலோ அனுப்புகிறேன். நம்மோடு படித்த தனகோட்டி நிலத்தை விற்றுவிட்டு மகனோடு ஓசூருக்குப் போய்விட்டான். எனக்கு அவன்மேல் கொஞ்சம் கோபம், சொல்லாமல் போனதற்கு.

அபோஃபிஸ் நிஜமாகவே வருகிறது. 2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை. பூமிக்கு மேலே சுமார் 32,000 கிலோமீட்டரில், நம் டிவி சேட்டிலைட்டுகள் சுற்றும் உயரத்தைவிடக் கீழே கடந்து போகும். இன்னும் 100 வருடத்துக்கு மோதாது என்று 2021-லேயே ரேடார் வைத்து உறுதி செய்துவிட்டார்கள். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியாவின் சில பகுதிகளில் வெறும் கண்ணுக்கே தெரியுமாம். மறுநாள் சித்திரை 1. என் தங்கச்சியையும் நிலவனையும் கூட்டிக்கொண்டு முந்தின நாளே வந்துவிடு, மலைக்குப் போவோம். அதற்குள் நான் இடது கண்ணையும் முடித்துவிடுகிறேன். சால்வை இந்தத் தடவை உனக்குத் தனியாக வைத்திருப்பேன். நீ நெத்திலிக் கருவாடு மட்டும் கொண்டு வா. போன தடவை மாதிரி துணிப்பையில் வேண்டாம், பஸ்ஸில் என்னோடு வந்தவர்கள் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

உன்
சண்முகம்