ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் மாற்றுவோர் கவனத்திற்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பழைய காரில் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்ற எண்ணுபவர்கள், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் மட்கார்டு விளிம்பு வரையுள்ள உயரத்தை முதலில் அளந்து எழுதிவைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தாலும், முன்புறமோ பின்புறமோ, இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

சுருள் ஸ்பிரிங் அழுத்தப்பட்ட நிலையில் உயிரையே பறிக்கக்கூடிய விசையைத் தேக்கி வைத்திருப்பதால், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிப்பதற்கென உள்ள கம்ப்ரசர் கருவி இல்லாமல் யாரும் கழற்ற முற்பட வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்வதும் கூடாது, வண்டியைத் தாங்கிநிற்கும் ஸ்டாண்டு கட்டாயம்.

இரட்டைக் குழாய் வகைப் புதிய ஷாக் அப்சார்பரை நிமிர்த்திப் பிடித்து, தண்டை முழுவதுமாகச் சில முறை இழுத்து அழுத்தினால், உள்ளே ஆயிலில் கலந்திருக்கும் காற்று வெளியேறி, இழுவை சீராவதைக் கையிலேயே உணரலாம்.

பலரும் கவனிக்காதது, சஸ்பென்ஷன் பாகங்கள் போல்ட்டால் இணையும் இடத்தில் இருக்கும் ரப்பர் உறையான புஷ்தான். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே அதன் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், வண்டி தரையில் அமர்ந்ததும் ரப்பர் முறுக்கேறி விரைவிலேயே கிழிந்துவிடும். ஆகவே எடை முழுவதும் சக்கரங்களில் இறங்கிய பிறகே இறுதியாக இறுக்குங்கள். சிறிது தூரம் ஓட்டிப் பார்த்து உயரத்தை மீண்டும் அளந்தபின், வீல் அலைன்மென்ட்டையும் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) சரிபார்த்துக்கொள்ளவும்.