பேய்ப்படத்தின் மூன்றாம் பாகத்தை எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களுக்கும், இயக்குநருக்கும், படத்தை வாங்கித் திரையிடுபவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் படத்தின் இரண்டாம் பாகத்தைத் தியேட்டரில் பார்த்தபோது, அதில் பளிச்சிட்ட வெளிச்சத்தால் என் தங்கை வலிப்பு வந்து விழுந்தாள். அதைப் பற்றி நான் அனுப்பிய கடிதம் உங்களிடம் இருக்கிறது. அதற்கு உங்கள் அலுவலகம் அனுப்பிய பதில் என்னிடம் இருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. மூன்றாம் பாகத்தின் படப்பிடிப்பு தொடங்கிவிட்டதாக நீங்கள் அறிவித்த பிறகும் சும்மா இருக்க மனம் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். படத்தில் விளக்கு விட்டு விட்டுப் பளிச்சிடும் காட்சிகள் இருந்தால், டிக்கெட் வாங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். போஸ்டரில் ஒரு வரி, முன்பதிவுப் பக்கத்தில் ஒரு வரி, டிரெய்லர் தொடங்கும் முன் ஒரு வரி போதும்.

‘படத்தில் அச்சமூட்டும் காட்சிகள் உள்ளன என்று ஏற்கெனவே அறிவித்திருந்தோம்’ என்பது உங்கள் பதில். ஐயா, என் தங்கை பயந்து விழவில்லை. பேய்ப்படம் என்றால் அவளுக்கு உயிர். உங்கள் முதல் பாகத்தை ஊரெல்லாம் புகழ்ந்து பேசியவள் அவள். அந்தப் படத்தில் சிறுமியின் அறையில் எரிந்தது ஒரே ஒரு மேசை விளக்கு. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்கும். வேறு எதுவும் இல்லை, ஆனாலும் குலை நடுங்கியது. இரண்டாம் பாகத்தில் அந்தப் பொறுமை உங்களுக்கு இல்லாமல் போனது ஏன் என்று தெரியவில்லை. நிலவறையில் பேயோட்டும் காட்சி முழுக்க வெள்ளையும் சிவப்புமாக வெளிச்சம் மாறி மாறி வெட்டுகிறது. அதில் பேயின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

அவளுக்கு வலிப்பு நோய் உண்டு. மாத்திரை தவறாமல் எடுத்துக்கொள்கிறாள், வேலைக்குப் போகிறாள், எல்லோரையும் போல வாழ்கிறாள். வலிப்பு உள்ளவர்களில் 100-இல் ஏறக்குறைய 3 பேருக்கு, பளிச்சிடும் ஒளியே வலிப்பைத் தூண்டிவிடும். அவள் அந்த மூவரில் ஒருத்தி. வினாடிக்கு 3 முதல் 30 முறை வரை வெட்டும் ஒளிதான் பெரும்பாலும் ஆபத்து. அதிலும் அடர்சிவப்பு இன்னும் மோசம். கண்ணை இறுக மூடிக்கொண்டால் போதாது, இமையைத் தாண்டி வெளிச்சம் உள்ளே போகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் நன்றாகப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அன்றும் அவள் அதைத்தான் செய்யப் போனாள். ஆனால் கையை உயர்த்துவதற்குள் தொடங்கிவிட்டது.

அடுத்து நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உடம்பு விறைத்து, கை கால் உதறி, இருக்கைக்கும் முன்வரிசைக்கும் நடுவே அவள் சரிந்தாள். திரையில் உங்கள் கதாநாயகி அதே மாதிரி உதறிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். படத்தின் விளம்பரத்துக்காக ஆள் வைத்து நடிக்க விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்களாம். ஒருவர் கைபேசி விளக்கை நேராக அவள் முகத்தில் அடித்துப் படம் பிடித்தார். ஒருக்களித்துப் படுக்க வைக்க இடமில்லாமல், தலை இருக்கையின் இரும்புக் காலில் மோதாமல் என் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு, விளக்கைப் போடுங்கள் என்று நான் கத்தினேன். படத்தின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவளுக்கு நினைவு திரும்பியபோது உடை நனைந்திருந்தது. துப்பட்டாவை இழுத்து மடியை மூடிக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, “எல்லாரும் பார்த்துட்டாங்களா?”

எல்லோரும் பார்த்துவிட்டார்கள். காரணம், அந்தக் காணொளியை ‘ரசிகர்களின் எதிர்வினை’ என்று உங்கள் விளம்பரப் பிரிவே எடுத்துப் பகிர்ந்தது. நான் எழுதிய பிறகு நீக்கினீர்கள், சரி. ஆனால் மன்னிப்பு என்று ஒரு சொல் இன்றுவரை வரவில்லை. அவள் இப்போது தியேட்டர் பக்கமே போவதில்லை. அலுவலகத்தில் யாராவது தணிந்த குரலில் பேசினால், தன்னைப் பற்றித்தானோ என்று திரும்பிப் பார்க்கிறாள்.

நான் கேட்பது புதிதாக ஒன்றும் இல்லை. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ‘போக்கிமான்’ கார்ட்டூன் தொடரின் ஓர் அத்தியாயம் ஒளிபரப்பானது. அதில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி வெட்டிய காட்சியால் 600-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குப் போக வேண்டி வந்தது. அதற்குப் பிறகு அங்கே தொலைக்காட்சிக்கு விதிமுறை வந்தது. பிரிட்டனிலும் தொலைக்காட்சிக்கு இப்படி விதி உண்டு. ஒளிபரப்பும் முன் காட்சிகளைச் சோதிக்க ‘ஹார்டிங் சோதனை’ என்றே ஒன்று பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. 2018-இல் ‘இன்க்ரெடிபிள்ஸ் 2’ என்ற அனிமேஷன் படம் வெளியானபோது, பளிச்சிடும் ஒளி பற்றிய எச்சரிக்கையைத் திரையரங்குகளில் வைக்கும்படி டிஸ்னியே கேட்டுக்கொண்டது. அதனால் அந்தப் படத்துக்குக் கூட்டம் குறையவில்லை. வலிப்பு நோய் உள்ளவர்கள் உலகம் முழுவதும் சுமார் 5 கோடி பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 100-க்கு 3 என்றால் 15 லட்சம் பேர். ஒரு வரி எழுத இந்தக் கணக்கு போதாதா?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பேய் பிடித்ததைக் காட்ட நீங்கள் எல்லோரும் எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டு நோயைத்தான். கண் மேலே செருகுவது, வாயில் நுரை தள்ளுவது, முதுகு வில்லாய் வளைவது எல்லாமே அதுதான். இது தெய்வக் குற்றமும் இல்லை, சாபமும் இல்லை, மற்ற நோய்களைப் போல இதுவும் ஒரு நோய் என்று பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டஸின் மரபில் வந்தவர்கள் ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார்கள். ‘உண்மைச் சம்பவம்’ என்று போட்டு விற்கிறீர்களே, ஓர் உண்மைச் சம்பவம் சொல்கிறேன். ஜெர்மனியில் அன்னெலீஸ் மிஷெல் என்ற இளம்பெண்ணுக்கு மருத்துவர்கள் வலிப்பு நோய் என்றே கண்டறிந்திருந்தார்கள். பேய் என்று நம்பி, ஏறக்குறைய பத்து மாதங்களில் 67 முறை அவருக்குப் பேயோட்டினார்கள். 1976 ஜூலை 1 அன்று, 23 வயதில், உணவும் நீரும் இல்லாமல் அவர் இறந்தபோது உடல் எடை ஏறத்தாழ 30 கிலோதான். பெற்றோரும் இரண்டு பாதிரியார்களும் குற்றவாளிகள் என்று 1978-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பெண்ணின் கதையிலிருந்து திரைப்படங்கள் பிறந்தன. சரியான சிகிச்சை கிடைத்தால் 100-இல் 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்ற செய்தியைச் சொல்ல மட்டும் பேய்ப்படங்களுக்கு நேரம் இருப்பதில்லை.

கோபத்தில் கொஞ்சம் விலகிப் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கதையை மாற்றச் சொல்லவில்லை. பேய் வரட்டும், ஓட்டுங்கள், நாங்களும் பார்க்கிறோம். படத்தொகுப்பு முடியும் முன் அந்தக் காட்சிகளை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். குறைக்க முடிந்தால் குறையுங்கள். முடியாவிட்டால் டிக்கெட் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். டிரெய்லருக்கு இது இன்னும் முக்கியம். வேறு ஏதோ படம் பார்க்க வந்து உட்கார்ந்திருப்பவர் முன்னால் அது திடீரென்று ஓடும், அவர் எப்படித் தப்பிப்பார்? திரையரங்கு நடத்துபவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அரங்கில் யாராவது வலிப்பு வந்து விழுந்தால் உடனே படத்தை நிறுத்தி விளக்கைப் போட வேண்டும், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்று உங்கள் ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

மூன்றாம் பாகத்தின் டிரெய்லர் விரைவில் வரும் என்று படித்தேன். அந்த ஒரு வரி அதில் இருக்குமா, இருக்காதா? இதற்கு மட்டும் நேரடியாகப் பதில் எழுதும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் படத்தின் இரண்டாம் பாகத்தைப் பாதியில் விட்டு வந்த ஒரு அக்கா