மாப்பிள்ளைக்கு, லைனர் இறக்குவதற்கு முன்

கவுந்தப்பாடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. ஆலையில் கரும்பு ஓடிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை விலையைப் பற்றி எழுதத் தொடங்கினால் கடிதம் அதிலேயே முடிந்துவிடும், எனவே அதை விட்டுவிடுகிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

சந்தையில் மேட்டுக்காட்டு மாமாவைப் பார்த்தேன். தாராபுரத்தில் உன் அப்பா வாங்கி வைத்த ஐந்து குதிரைத்திறன் கிர்லோஸ்கர் டீசல் இன்ஜினை நீ பிரித்துப் போட்டிருப்பதாகவும், ஆயிலில் தண்ணீர் இறங்கி மோர் போல் ஆகிவிட்டதாகவும், பிஸ்டன் ஓடும் உருளையான லைனரைப் புதிதாகச் சிலிக்கோன் பேஸ்ட் தடவி இறக்கித் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்லியிருப்பதாகவும் அவர் சொன்னார். அதைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே நீ பேச ஆரம்பித்துவிடுவாய். எழுதினால் கடைசி வரை படித்துத்தான் ஆகவேண்டும்.

தயவுசெய்து அந்தப் பேஸ்ட்டை மட்டும் தடவ விடாதே. சென்ற ஆடியில் எங்கள் ஆலை இன்ஜினைப் பிரித்தபோது கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அதற்கு முன் வேறொரு பட்டறையில் வேலை பார்த்திருந்தார்கள்; பெயர் வேண்டாம். லைனரின் கீழ்ப் பகுதியில் ரப்பர் வளையங்கள் உட்காரும் பள்ளங்கள் முழுவதும் பேஸ்ட் நிறைந்து இறுகியிருந்தது; பிதுங்கி வெளியே வந்த துண்டுகள் ஆயில் வலையில் சிக்கிக் கிடந்தன; பிஸ்டனில், வளையங்களுக்கு நேர் எதிரே, உரசிய தடம் ஒன்று பட்டையாக ஓடியது. தண்ணீர் ஒழுகக் கூடாது என்று தடவிய பேஸ்ட், ஒழுக்கையும் நிறுத்தாமல் பிஸ்டனையும் பிடித்திருந்தது.

காரணம் எளிமையானது. ரப்பர் நசுங்கினால் அதன் கன அளவு குறைவதில்லை. ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் விலகிப் போகும், அவ்வளவுதான். அதனால்தான் பள்ளத்தை வெட்டும்போதே வளையம் அதன் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நசுங்கும்படியும், நசுங்கிய ரப்பர் விலகிப் போக இடம் மிச்சமிருக்கும்படியும் கணக்கிட்டிருப்பார்கள். அந்த மிச்ச இடத்தைப் பேஸ்ட்டால் நிரப்பிவிட்டால், ரப்பருக்குப் போக்கிடம் இல்லாமல் லைனரின் சுவரையே உள்ளே தள்ளும். உன் இன்ஜினின் துளை 80 மில்லிமீட்டர், ஓட்டம் 110 மில்லிமீட்டர். அந்த 80 மில்லிமீட்டரில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே இருக்கும் இடைவெளி பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதில் பாதியை லைனர் விழுங்கிக்கொண்டால், நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் இன்ஜினின் பிஸ்டன் எங்கே போகும்?

ஆகவே தண்ணீரைத் தடுப்பது பேஸ்ட் அல்ல. மேலே இரும்பின் மேல் இரும்பு பொருந்துவதும், கீழே சரியான அளவில் நசுங்கிய ரப்பரும்தான் தடுக்கின்றன. இரண்டுக்குமே வேண்டியது சுத்தமும் அளவும்.

புது லைனரைத் தொடுவதற்கு முன் பழையதை எடுத்துக் கழுவிப் பார். தண்ணீர் எந்த வழியாக இறங்கியது என்பதை அதுவே சொல்லும். ரப்பர் வளையத்தைத் தாண்டிக் கீழே துருக்கோடு இறங்கியிருந்தால் குற்றம் வளையத்தில் அல்லது அது உட்காரும் துளையில். காலரின், அதாவது லைனரின் மேல் விளிம்பின், மேற்பக்கத்தில் கரி ஓடிய தடம் தெரிந்தால், இன்ஜினின் மூடியான ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட்டைச் சந்தேகி. கிராங்க் தண்டுக்குக் குறுக்கான பக்கங்களில், வெளிச் சுவரில், ஊசியால் குத்தியது மாதிரி குழிகள் கூட்டமாக இருந்தால் அது வேறு நோய்: பிஸ்டன் பக்கவாட்டில் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் லைனர் அதிர்ந்து, தண்ணீரில் நுண்குமிழிகள் உண்டாகி உடைந்து, உடையும்போதெல்லாம் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்துவிடும். குழி ஆழமாகி உள்ளே துளைத்துவிட்டால் எந்த வளையமும் காப்பாற்றாது. காரணம் தெரியாமல் புது லைனரைப் போட்டால், அதே தண்ணீர் அதே வழியில் மறுபடியும் வரும்.

அடுத்தது பிளாக், லைனர் இறங்கும் இரும்பு உடல். இதற்குத்தான் நேரம் செலவழிக்கவேண்டும். இதில்தான் யாரும் செலவழிப்பதில்லை. லைனரின் காலர் உட்காரும் படியில் கரியோ துருவோ ஒரு துகள் கூட இருக்கக் கூடாது. துகளின் மேல் உட்கார்ந்த காலரை ஹெட் போல்ட்டுகள் இறுக்கும்போது காலரின் அடி மூலையில் வளைவு உண்டாகும். நாளடைவில் அங்கே விரிசல் விட்டு, காலர் வளையமாகத் தனியே கழன்றுவிடும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளின் ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் இப்படிக் கழன்று வந்த காலர்களை நம் லேத் மாஸ்டர் ஆணியில் மாட்டி வைத்திருப்பார், நினைவிருக்கிறதா? கீழ்த் துளையின் வாயில் இருக்கும் சரிவையும் விரலால் தடவிப் பார். அங்கே பிசிறு இருந்தால் இறங்கும்போதே ரப்பரைச் சீவிவிடும். எமரி தேய்த்தால், தேய்த்த தூள் முழுவதும் போகும் வரை கழுவு.

பிறகு ரப்பர் வளையம் இல்லாமலேயே லைனரை ஒருமுறை இறக்கிப் பார்க்கவேண்டும். கையால் தள்ளினாலே அடி வரை போகவேண்டும். உட்கார்ந்த பின் கையால் திருப்ப வரவேண்டும். காலரின் அடியில் நீலச் சாயம் தடவி இறக்கித் திருப்பி எடுத்தால், சுற்றிலும் ஒரே சீராகப் படிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதன் பின் டயல் கேஜை வைத்து, பிளாக்கின் முகத்தைவிடக் காலர் எவ்வளவு மேலே நிற்கிறது என்று நான்கு இடங்களில் அள. தண்ணீர் படும் லைனர்கள் பலவற்றில் இது 2 தௌவிலிருந்து 6 தௌ வரை (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.05 முதல் 0.15 மில்லிமீட்டர் வரை இருக்கும். உன் இன்ஜினுக்கு உரிய அளவை அதன் புத்தகத்தில் பார்த்துக்கொள். குறைந்தால் கேஸ்கெட் காலரை அழுத்தாது, லைனர் ஆடும். கூடினால் ஹெட்டின் அழுத்தம் முழுவதும் காலரின் மேலேயே விழும். படி தேய்ந்து காலர் பதிந்துவிட்டால், படியை நேராக வெட்டி, ஷிம் என்ற மெல்லிய எஃகு வளையத்தை அளவாக வைத்து உயர்த்தலாம். இரண்டு கேஸ்கெட்டை வைத்துச் சரிக்கட்டுவதாக யாராவது சொன்னால் இன்ஜினை வண்டியில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்துவிடு.

வளையத்தை மாட்டும்போது முறுக்கு விழாமல் பார். வளையத்தில் அச்சுக்கோடு ஒன்று மெலிதாக ஓடும். அது சுற்றிலும் நேராக இருந்தால் முறுக்கு இல்லை. வழுக்குவதற்கு ஆயிலோ கிரீஸோ வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். உதிரிபாகக் கிட்டில் வரும் ரப்பர் எந்த வகை என்று உறையில் போட்டிருப்பதே இல்லை என்பது எனக்குத் தீராத மனக்குறை. நைட்ரைல் ஆயிலைத் தாங்கும், இபிடிஎம் தாங்காது, ஊதிவிடும், பார்வைக்கோ இரண்டும் கறுப்புதான். சோப்புத் தண்ணீர் இரண்டையும் கெடுக்காது. கடைசியில் நேராக அழுத்தித் தள்ளு, சுத்தியலை எடுக்காதே. முரண்டு பிடித்தால் வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் வழி. உட்கார்ந்த பின் ஹெட் ஸ்டட்டுகளில் பட்டை கொடுத்துப் பிடித்துவிடு. இல்லையென்றால் ரப்பரின் எதிர்விசை லைனரை மேலே தூக்கும். பிடித்த நிலையில் காலரின் உயரத்தை மறுபடி அள. துளையையும், குறிப்பாக ரப்பருக்கு நேரே, போர் கேஜ் வைத்து இரு திசையிலும் அள. அங்கே மட்டும் சுருங்கியிருந்தால் வளையம் முறுக்கிக்கொண்டது அல்லது வெட்டுப்பட்டது என்று பொருள்.

இனி நான் சொல்வதை மட்டும் மாற்றாதே. பிஸ்டனை இறக்குவதற்கு முன், பிளாக்கின் தண்ணீர்ப் பகுதியின் வாய்களை அடைத்து, தண்ணீர் நிரப்பி, கொஞ்சம் அழுத்தம் கொடுத்து, ஓர் இரவு முழுவதும் வைத்திரு. காலையில் டார்ச் அடித்து அடியில் பார். ஈரக் கசிவு இருந்தால் லைனரை மட்டும் எடுத்துச் சரிசெய்யலாம். எல்லாவற்றையும் பூட்டி ஓட்டிய பிறகு தெரிந்தால் பேரிங்கும் சேர்ந்து போகும். ஒரு நாள் தாமதம் என்று பட்டறைக்காரர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

ஹெட்டை டார்க் ஸ்பேனரால் குறுக்கு வரிசையில் படிப்படியாக இறுக்குவதும், முதல் சூட்டுக்குப் பின் மறுபடி இறுக்கிப் பார்ப்பதும் உனக்குத் தெரிந்ததே.

ஒன்றை மட்டும் மனம் விட்டுச் சொல்லவேண்டும். 1990இல் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வந்த பின் நம் பக்கம் எத்தனையோ ஆயில் இன்ஜின்கள் பழைய இரும்புக்குப் போயின. உன் அப்பா தம் கிர்லோஸ்கரை விற்கவில்லை. மின்சாரம் இல்லாத இரவில் மஞ்சளுக்குத் தண்ணீர் பாய்ச்ச அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை நாம் இருவரும் பார்த்திருக்கிறோம். ஆனால் டெலிவரிக் குழாயிலிருந்து கிணற்றுத் தண்ணீரை அப்படியே இன்ஜினுக்குள் விடும் அவருடைய ஏற்பாட்டை நீ இனிமேல் தொடராதே. அந்தத் தண்ணீரின் உப்பு இன்ஜினின் தண்ணீர்ப் பகுதிக்குள் படிந்து சூட்டை வெளியே விடாமல் தடுக்கும். குளிர்ந்த தண்ணீர் நேராகப் பாய்ந்தாலோ, புகையின் கந்தகம் லைனரின் உட்சுவரில் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி அரிக்கும். ஒரு தொட்டி வைத்து, நல்ல தண்ணீரையே சுற்றிவர விடு. புது லைனர் நீண்ட நாள் இருக்கவேண்டுமானால் இதுவும் அந்த வேலையின் பகுதிதான்.

டயல் கேஜையும் போர் கேஜையும் மேட்டுக்காட்டு மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வியாழக்கிழமை தாராபுரம் வருகிறார். நான்கு இடங்களின் அளவையும் எழுதி அவரிடமே கொடுத்துவிடு, பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பட்டறையில் லைனரை இறக்கச் சொல்லாதே. கேஜ்கள் மட்டும் பத்திரமாகத் திரும்பி வரவேண்டும். 

அன்புடன்,
பொன்னுசாமி