திருப்பும்போது எழும் ‘டக் டக்’ சத்தத்தை அலட்சியம் செய்ய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

முன்சில்லுகளால் இயங்கும் சிறிய கார்களை வைத்திருக்கும் திருகோணமலை வாசிகள் பலர், வாகனத்தைத் திருப்பும்போது எழும் ‘டக் டக்’ என்ற சத்தத்துக்காகப் பழுதடையாத பாகங்களை மாற்றி வீண்செலவு செய்கின்றனர். அண்மையில் உவர்மலையில் வசிக்கும் ஓர் ஆசிரியையின் காருக்கு முதலில் ஷொக் அப்சோபர்களும், பின்னர் ஸ்டியரிங் றெக்கும் மாற்றப்பட்டன. சத்தம் அப்படியே இருந்தது. பழுதடைந்திருந்தது வலப்பக்க அக்சிலின் சீ.வி. ஜொயின்ட், அதாவது திரும்பிய நிலையிலும் சில்லைச் சுழலச் செய்யும் மூட்டு; அதன் றப்பர் உறை கிழிந்திருந்ததைக் குனிந்து பார்த்த எவரும் கண்டிருக்கலாம். வாகனத் திருத்தத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற வகையில் இதனை எழுதுவது என் கடமையென எண்ணுகிறேன்.

எஞ்சினின் இழுவையை முன்சில்லுக்குக் கொண்டுசெல்லும் அக்சிலின் இரு முனைகளிலும் இத்தகைய ஜொயின்ட் ஒவ்வொன்று உண்டு. சில்லை ஒட்டியிருக்கும் வெளி ஜொயின்டில் பொதுவாக ஆறு உருக்குக் குண்டுகள் வளைந்த தவாளிப்புகளில் ஓடுவதால், சில்லு எந்தக் கோணத்தில் திரும்பியிருந்தாலும் சீராகச் சுழல்கிறது. 1959 இல் வெளிவந்த மினி காரிலும் இதே ஏற்பாடுதான் இருந்தது. இந்த ஜொயின்டை மூடி, உள்ளே கிறீஸைக் காப்பது கராஜ்களில் ‘பூட்’ எனப்படும் மடிப்பு மடிப்பான றப்பர் உறையாகும். அது வெடித்துவிட்டால், சுழற்சியின் வேகத்தில் கிறீஸ் வெளியே வீசப்பட, உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணலும் மாரிகாலத்தில் வீதிகளில் தேங்கும் நீரும் உள்ளே புகுந்து, தவாளிப்புகளை அரைத்துப் பள்ளமாக்கிவிடுகின்றன. நேராக ஓடும்போது குண்டுகள் அதிகம் நகர்வதில்லை. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போதுதான் அவை தவாளிப்பில் முன்னும் பின்னும் ஓடி, அந்தப் பள்ளங்களில் விழுந்து எழுகின்றன. நாம் கேட்கும் சத்தம் அதுவே.

இதைக் கண்டறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆளரவமற்ற வெளியான ஓர் இடத்தில் கண்ணாடிகளை இறக்கி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, மெல்ல வட்டமடித்தபடி அக்சிலரேட்டரைச் சற்று அழுத்த வேண்டும். பின்னர் மறுபக்கமும் அவ்வாறே செய்ய வேண்டும். சில்லின் வேகம் கூடக்கூட சத்தமும் நெருங்கி ஒலித்தால், ஐயம் ஜொயின்டின் மீது விழ வேண்டும். இடப்பக்கம் திருப்பும்போது பெரிதாகக் கேட்டால் பெரும்பாலும் வலப்பக்க ஜொயின்ட்தான். ஆயினும் காதை மட்டும் நம்பாமல், வாகனத்தை நிறுத்தி, ஹேண்ட் பிறேக்கை இழுத்துவிட்டு, முன்சில்லின் பின்புறத்தை ரோர்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். றிம்மின் உட்புறத்தில் கறுத்த கிறீஸ் தெறித்திருந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

நேராக ஓடும்போதும் அதே சத்தம் கேட்டால், டயரின் வெட்டுகளில் சிக்கிய கல், தளர்ந்த சில்லு மூடி ஆகியவற்றைப் பாருங்கள்; அதற்கும் முன்பாகச் சில்லு நட்டுகளைப் பாருங்கள், ஏனெனில் தளர்ந்த நட்டு உயிராபத்தானது. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதே சத்தம் வந்தால் ஷொக் அப்சோபரின் மேல் மவுண்ட் காரணமாகலாம். இரைச்சலாக ஒலிப்பது பெயாரிங்.

உறை கிழிந்தும் சத்தம் இன்னும் தொடங்காதிருந்தால், ஜொயின்டைக் கழற்றிக் கழுவி, தேய்வில்லை என்று உறுதிசெய்த பின், அதற்குரிய மொலிப்டினம் கலந்த கிறீஸை இட்டு, புதிய உறையும் கிளிப்புகளும் போடுவது போதுமானது. சத்தம் தொடங்கிய பிறகு கிறீஸை மட்டும் அடைத்து ‘சரியாகிவிட்டது’ என்று அனுப்புவது வாடிக்கையாளரை ஏமாற்றுவதேயாகும். தேய்ந்துபோன உருக்கு, கிறீஸ் இட்டதால் வளராது. ஜொயின்டையோ முழு அக்சிலையோ மாற்றத்தான் வேண்டும். அப்போது அக்சில் முனையிலுள்ள ஸ்பிளைன் பற்களும், ஏ.பீ.எஸ். (பிறேக் போடும்போது சில்லு இறுகி வழுக்காமல் காக்கும் அமைப்பு) வளையம் இருப்பின் அதன் பற்களும் பழையதோடு பொருந்துகின்றனவா என எண்ணிப் பார்க்க வேண்டும். அக்சில் நட்டைப் புதிதாகப் போட்டு, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் றெஞ்சால் இறுக்க வேண்டும்.

2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், நம்மிடமுள்ள கார்களில் பல வயதானவை. ஜொயின்ட் முற்றாக உடைந்தால் எஞ்சின் ஓடினாலும் கார் நகராது. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே யானைகள் கடக்கும் வீதியில் இரவில் அப்படி நின்றுவிட்ட குடும்பத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஓட்டோ கியர் வாகனமாயின் ‘பீ’யில் (பார்க்கிங் நிலையில்) போட்டாலும் அது நிற்காமல் உருளும், ஹேண்ட் பிறேக் மட்டுமே காக்கும்.

ஆண்டுதோறும் நாம் பெறும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் புகையைப் பற்றியது. இந்த உறையை யாரும் பார்ப்பதில்லை. எனவே, எமது மாவட்டத்துச் சேர்விஸ் ஸ்டேஷன் உரிமையாளர்களிடம் ஒன்றை வேண்டுகிறேன்: கழுவுவதற்காக வாகனத்தை உயர்த்தும் ஒவ்வொரு தடவையும், நான்கு உறைகளையும் கையால் விரித்துப் பார்த்து, வெடிப்பு இருந்தால் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். கராஜ் உரிமையாளர்கள் கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளரிடமே ஒப்படைக்க வேண்டும். அவர்கள் கொடுக்கத் தவறினால் வாசகர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வண்ணம்,
வாகனத் திருத்துநர் ஒருவர்,
திருகோணமலை.