மின்வழங்கி மட்டும் தொட்டிக்குப் போகட்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு மாறுவதற்கு முன் சாமான் அறையைக் காலி செய்வது பற்றிச் சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை பயனுள்ளதுதான். மின்னணுக் கழிவுத் தொட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டால் எங்கள் புளோக்கில் பாதிப் பேர் விழிப்பார்கள். ஆனால், "ஓடாத பழைய கணினிகள்" என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் அதற்குள் தள்ளிவிட்டீர்களே! ஓடாது என்று யார், எப்படிப் பார்த்து முடிவு செய்தார்கள்?

எண்பதுகளில் இங்கே சிங்கப்பூரில், அங் மோ கியோ வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் சர்க்கிட் பலகைகளைச் சோதிக்கும் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றும் சால்டரிங் கோலைக் கீழே வைக்க மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் கொண்டுவரும் கொமடோர் 64 கணினிகளைப் பழுதுபார்த்துக் கொடுக்கிறேன். 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்ற வீட்டுக் கணினி அது. விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கணினியும் அடக்கம். தொலைக்காட்சியில் இணைத்தால் போதும்.

என்னிடம் வருபவற்றில் பலவும் வீட்டுக்காரர்களே ஆசையோடு கொன்றவை. தாத்தா பரணில் போட்டுவைத்ததை இறக்கித் தூசு தட்டி, "ஓடுகிறதா பார்ப்போம்" என்று நேரே சுவரில் செருகிவிடுகிறார்கள். கணினியோடு வந்த மின்வழங்கிதான் (பவர் சப்ளை) அங்கே எமன். செங்கல் போல் கனக்கும் அந்தப் பெட்டிக்குள் பிசின் ஊற்றி இறுக்கியிருப்பார்கள்; திறந்து சரிசெய்ய வழியில்லை. அது 5 வோல்ட் நேர்மின்சாரமும் (DC) 9 வோல்ட் மாறுமின்சாரமும் (AC) தரும். வயதானால் 5 வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பாகம் பழுதாகிறது. பழுதானால் மின்சாரம் நின்றுபோனாலாவது நல்லது. மின்னழுத்தம் அல்லவா ஏறிவிடுகிறது! நினைவக சில்லுகள் அதைத் தாங்குவதில்லை. திரை கறுப்பாகவே நிற்கும். "ஓடவில்லை" என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள்.

மல்டிமீட்டர் வைத்து அளக்கலாமே என்பீர்கள். அளக்கலாம், ஆனால் தொடக்கத்தில் ஒழுங்காக 5 காட்டிவிட்டுச் சூடேறியபின் தாண்டுகிற பெட்டிகளையும் பார்த்திருக்கிறேன். புதிதாகச் செய்த மின்வழங்கி வாங்குவதே பாதுகாப்பு. கைத்தொலைபேசி சார்ஜரும் 5 வோல்ட்தானே என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். அந்த 9 வோல்ட் இல்லாமல், நிரல்களைச் சேமிக்கும் கேசட் கருவியின் மோட்டார் சுற்றாது, ஒலிச் சில்லுக்குத் தேவையான 12 வோல்ட்டும் கிடைக்காது.

அந்த ஒலிச் சில்லுக்காகவாவது தொட்டிப் பக்கம் போகாதீர்கள். அமெரிக்கப் பொறியாளர் பாப் யானஸ் வடிவமைத்தது. ஒரே நேரத்தில் 3 குரல்களில் இசைக்கும். இன்று அதைத் தயாரிப்பார் யாரும் இல்லை. நினைவகம் செத்த கணினியிலும் அது உயிரோடு இருக்கக்கூடும்; இருந்தால் எடுத்து வேறொன்றில் பொருத்தலாம்.

இன்னொன்று, கேசட்டுகள். என் அண்ணன் இந்தக் கணினியில் தமிழ் எழுத்துகளை வரைந்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் 8க்கு 8 புள்ளிக் கட்டம். 256 வடிவங்களை நாமே மாற்றிக்கொள்ளலாம். ஃ எளிதாக அமர்ந்தது. ட, ப, ம சண்டை போடவில்லை. ண, ஞ இரண்டும் ஒரு கட்டத்தில் அடங்காமல் பக்கத்துக் கட்டத்தையும் பிடித்துக்கொண்டன. சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1995இல் இணையத்தில் தமிழை ஏற்றியதை நாம் சரியாகவே கொண்டாடுகிறோம். அதற்கு முன் வரவேற்பறைத் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து, வீட்டார் நாடகம் பார்க்கக் காத்திருக்க, இப்படிப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தவர்கள் அண்ணன் ஒருவர் மட்டும்தானா? மற்றவர்களின் கேசட்டுகள் எந்தப் பெட்டியில், எந்தப் பழைய சினிமாப் பாட்டுகளோடு கிடக்கின்றனவோ.

ஆகவே அடுத்த முறை பட்டியல் போடும்போது மூன்று வரி சேருங்கள். கேசட், டிஸ்க் எல்லாவற்றையும் முதலில் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கணினியை மின்சாரத்தில் செருகாமல், பழுதுபார்க்கத் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பழைய மின்வழங்கியைத் தாராளமாகத் தொட்டியில் போடலாம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
அங் மோ கியோ